செயலாளரின் ஆண்டறிக்கை: வாணமும் வரவு செலவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இந்தக் குளிரிலும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் வரும். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வாஷிங்டன் பகுதியிலுள்ள நம் வாசகர் வட்டம் இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சித்திரையில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது. கோடைச் சுற்றுலா மழையால் கைவிடப்பட்டது. தீபாவளி விருந்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அன்று புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி, ஆண்டின் பொதுத் தலைப்பு. ராக்கெட், அமெரிக்காவின் தொடக்ககாலப் போர்கள், தேசிய கீதம் பிறந்த கதை ஆகியவற்றைச் சேர்த்து வாசிக்கலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். “இது வாசகர் வட்டமா, வெடிக்கடையா?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அன்று பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை. இன்று சொல்கிறேன்.

தொடங்கியது நமக்குத் தெரிந்த புத்தகத்தில்தான். ‘அக்கினிச் சிறகுகள்’ எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதில் அப்துல் கலாம், பக்கத்து வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் தீவிலுள்ள நாசா தளத்துக்குப் பயிற்சிக்கு வந்ததை எழுதியிருக்கிறார். அங்கே வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்க்கள ஓவியம். ராக்கெட் ஏவுகிற வீரர்கள் வெள்ளையர்களாக இல்லை, நம் நாட்டு முகங்களாக இருக்கிறார்கள். விசாரித்தால் அது திப்பு சுல்தானின் படை. நம்மில் பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். நானும் முதல் வாசிப்பில் தாண்டினேன்.

மைசூர்ப் படையின் வாணம், அதாவது ராக்கெட், இரும்புக் குழாயால் ஆனது. காகிதக் குழாயைவிட அது அழுத்தம் தாங்கும், ஆகவே வெகுதூரம் போகும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். வாணங்களும் அங்கே பறந்தன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, அங்கே கிடைத்தவற்றில் சில இங்கிலாந்தின் வுல்விச் ஆயுதச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலேயர் வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்தார். 1807இல் பிரிட்டிஷார் அதை ஏவ, டென்மார்க்கின் கோபன்ஹேகன் எரிந்தது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 1812இல் மூண்ட போரில், 1814 ஆகஸ்ட் 24 அன்று, நம்மில் பாதிப் பேர் தினமும் காரில் கடக்கும் பிளேடன்ஸ்பர்க்கில், அந்த ராக்கெட்டுகளின் இரைச்சலுக்கு அமெரிக்கக் குடிப்படை மிரண்டு ஓடியது. அன்றிரவே வாஷிங்டன் எரிந்தது.

அந்தக் களத்தில் ஓடாமல் நின்றவர்களில் ஒருவர் ஜோஷுவா பார்னி, பால்டிமோர்க்காரர். தொடையில் குண்டு பாய்ந்து பிடிபட்டார். இவரே 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஒரு சிறு போர்க்கப்பலில் இருந்துகொண்டு, தன்னைவிட வலிய பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தவர். அவருடைய கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’! ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மைசூர் ஆட்சியாளர் மீது அன்று அமெரிக்கர்களுக்கு அவ்வளவு மதிப்பு. ஹைதரின் பெயரில் கப்பல் ஓட்டியவரின் தலைக்கு மேல், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஹைதரின் வாணத்தின் வழித்தோன்றல் பறந்தது. இதை நான் ஜூன் மாதக் கூட்டத்தில் சொன்னபோது ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தவறான அறைக்கு வந்தவர்.

பிளேடன்ஸ்பர்க்குக்கு அடுத்தது பால்டிமோர். செப்டம்பர் 13 காலை முதல் மறுநாள் காலை வரை ஏறத்தாழ 25 மணி நேரம் மெக்ஹென்றி கோட்டையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டன. ராக்கெட் விட்ட கப்பல் எரிபஸ். கோட்டையில் இறந்தவர் நால்வர். கைதான மருத்துவர் வில்லியம் பீன்ஸை மீட்கப் போயிருந்த வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ, விடியும்வரை கப்பலில் நின்று, கோட்டையில் கொடி பறப்பதைப் பார்த்து எழுதியதுதான் நம் பிள்ளைகள் பள்ளியில் எழுந்து நின்று பாடும் பாட்டு. ராக்கெட்டின் சிவந்த ஒளி அதில் வருவது இப்படித்தான். மெட்டு லண்டன் இசைக் கழகம் ஒன்றினுடையது. தேசிய கீதமாகச் சட்டமானது 1931இல்தான். மூன்றாம் சரணத்தில் அடிமைகளைப் பற்றி வரும் வரியையும், எழுதியவரே அடிமைகளை வைத்திருந்ததையும் சொன்னபோது, “நல்ல பாட்டைக் கெடுக்காதீர்கள்” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். கெடுத்தது நான் அல்ல, ஐயா.

செப்டம்பரில் கோட்டைக்குப் போக இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் மூவர்: நான், பொருளாளர், பொருளாளரின் மாமியார். அன்று பறந்த கோட்டைக் கொடியின் அளவு 30 அடிக்கு 42 அடி, பதினைந்து நட்சத்திரம், பதினைந்து பட்டை. அந்த அம்மா புல்வெளியில் காலடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, “ஒன்பது கஜப் புடவையில் எத்தனை சேர்த்தால் இது வரும்?” என்று கேட்டார். இந்த ஆண்டு எனக்கு வந்த ஒரே நல்ல கேள்வி அது. கணக்குப் போட்டோம், விடை ஒத்துவரவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

கொடியைத் தைத்தவர் மேரி பிக்கர்ஸ்கில். கூலி 405 டாலர் 90 சென்ட். 1813ஆம் ஆண்டின் அந்த ரசீது இன்றும் இருக்கிறது. நம் தீபாவளி விருந்தின் ரசீது இரண்டே மாதத்தில் காணாமல் போய்விட்டது.

ஆகவே வரவு செலவு. வரவு போதுமானது என்று சொல்ல முடியாது, செலவு அதிகம் என்றும் சொல்ல முடியாது. கையிருப்பு அந்தக் கொடியின் கூலியைவிடக் குறைவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, அவர் இன்று ஊரில் இல்லை. உறுப்பினர்களில் சரிபாதிப் பேர் சந்தா செலுத்தவில்லை. நினைவூட்டல் மூன்று முறை போயிற்று. ஒருவர் மூன்றாவதற்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் அனுப்பினார். அதை வங்கியில் போட முடியவில்லை. 1812 போர் பற்றி வாங்கிய நான்கு புத்தகங்களில் இரண்டு திரும்பி வந்தன, ஒன்றில் கோபன்ஹேகன் அத்தியாயம் முழுக்கச் சாம்பார். மற்ற இரண்டும் யாரிடம் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. அவர் இரண்டாம் வரிசையில் இருக்கிறார்.

கூட்டத்துக்கு அறை தந்த நூலகத்துக்கும், காபி போட்டவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய பிள்ளைகளுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு நான் எந்தத் திட்டமும் வைக்கவில்லை. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அந்தக் கொடியே இருக்கிறது. ஆளாளுக்கு நினைவுப் பொருளாக வெட்டிக் கொடுத்ததில் எட்டு அடி குறைந்து, ஒரு நட்சத்திரமும் போய், மங்கிய வெளிச்சத்தில் கிடத்தியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மே மாதம் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன், என் கார் நிறுத்துமிடத்தில் காருக்கு இடமில்லை, எல்லாம் வட்டத்தின் புத்தகப் பெட்டிகள். அலமாரிச் சாவியையும் பதிவேட்டையும் மேசை மேல் வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். காபி இடைவேளை முடியும்வரை அவை அங்கேயே இருக்கும், அதன் பிறகு நானே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். பக்கத்தில் சந்தாப் பெட்டியும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்