எழுத்தெல்லாம், ஹெலிகாப்டர்: பிரிக்கும் இடம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் 29 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் இரவு பத்து மணிவரை ‘ரோடோடென்ட்ரான்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழைக்குத் தண்டனையாம், 50 முறை. கடைசி வரியிலும் பிழை இருந்தது.

எங்கள் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுதான் அது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கிரேக்கத்தில் ‘ரோடான்’ ரோஜா, ‘டென்ட்ரான்’ மரம். சொன்னதும், “ரோஜா மரமா பாட்டி?” என்று நிமிர்ந்தாள். பிறகு எழுதியபோது, ஒலிக்காமல் நிற்கும் ‘ஹெச்’ மட்டும் ஒருமுறை விடுபட்டது.

நீண்ட சொல்லை ஒலிக்காகப் பிரிப்பதோடு வகுப்பில் நிறுத்திவிடுகிறோம். ஹெ-லி-காப்-டர் என்று நான்கு அசை. நாக்குப் பழக அது வேண்டும்தான். ஆனால், 1861இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அச்சொல்லை உருவாக்கியபோது கோத்தவை இரண்டு கிரேக்கச் சொற்கள்: சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டெரான்’. பொருள் பிரிவது ‘காப்’ என்ற அசையின் நடுவில். காதுக்குக் கேட்டபடி ‘ஹெலி’ என்று வெட்டியதால் வந்ததுதான், ஊட்டி தீட்டுக்கல்லில் நாம் சொல்லும் ‘ஹெலிபேட்’. அதே சிறகு, டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் முதலில் நிற்கிறது. ஒலிக்காத ‘பி’ அங்கே ஏன் இருக்கிறது என்பது, ஹெலிகாப்டரைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? முதல் குறளின் ‘எழுத்தெல்லாம்’ என்ற சீரை அலகிட்டால் எழுத்/தெல்/லாம்: நிரை நேர் நேர், புளிமாங்காய். பொருளுக்குப் பிரித்தால் எழுத்து + எல்லாம். ‘தெல்’லுக்குப் பொருள் என்ன என்று என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபதத்தைப் பிரித்துப் பழகிய கை, அடுத்த பாடவேளையில் ஆங்கிலச் சொல்லின் முன் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்?

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு பாடவேளை சேர்ந்து வகுப்பெடுக்கட்டும். நீலகிரியில் அதற்குக் கரும்பலகைகூட வேண்டாம். கற்பூர மரத்தடிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மொட்டிலிருந்து கழன்ற சிறு மூடிகள் அங்கே உதிர்ந்து கிடக்கும். ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, அம்மரத்தின் ஆங்கிலப் பெயரான ‘யூகலிப்டஸ்’ என்பதைப் பிரித்துக் காட்டுங்கள்: ‘யூ’ என்றால் நன்றாக, ‘கலிப்டஸ்’ என்றால் மூடப்பட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.