கண்மணியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்மணி, அதாவது கண்ணின் நடுவே உள்ள கருவட்டம், விரிந்தால் காதல், பொய் சொன்னாலும் விரியும், கண்ணைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடலாம் என்று சென்ற வார இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டார்ச்சும் கையுமாகக் கண்மணி பார்த்தே காலம் போயிற்று. எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கண்மணிக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்பது நிஜம்தான். 1966-இல் உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் ஒரு சோதனை செய்தார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எண்கள் கூடக் கூடக் கண்மணி விரிந்தது, திருப்பி ஒப்பிக்க ஒப்பிக்கச் சுருங்கியது. அதில் காதலும் இல்லை, பொய்யும் இல்லை, வெறும் எண்கள். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஒரு சிறு இடம் இருக்கிறது. மூளைக்கு வேண்டிய, அதை விழிப்பாக வைக்கிற நார்அட்ரினலின் என்ற ரசாயனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. பயமோ, சந்தோஷமோ, மனக்கணக்கோ, எதுவானாலும் அந்த இடம் சுறுசுறுப்பாகும், கண்மணியும் கூடவே கொஞ்சம் விரியும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். அறையின் ஜன்னலைச் சாத்தினாலே அதைவிட அதிகம் விரியுமே! அப்புறம் எதை வைத்துக் காதல் என்று சொல்வது?

ஒரு ராத்திரி, பத்தொன்பது வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். "வெயில்ல நின்னான், மயங்கிட்டான் சிஸ்டர்" என்றார் அப்பா. டார்ச் அடித்தேன். இரண்டு கண்ணிலும் கண்மணி குண்டூசி முனை அளவு. பூச்சிமருந்து விஷத்தில் இப்படி ஆகும்: அதில் ஒரு வகை, நரம்புகள் செய்தி கடத்த உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சிதைக்கிற நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கிப்போய்க் கண்மணியை இறுக்கும். ஆனால் மார்ஃபின் வகை மருந்து அதிகமானாலும், மூளைத்தண்டில் ரத்தக்கசிவு இருந்தாலும் இதே குண்டூசி முனைதான். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சில் கரகரப்பு, சட்டையில் பூச்சிமருந்து வாடை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் அந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் போடச் சொன்னார். ஊசி ஏற ஏறக் கண்மணி மெல்ல விரிந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. டாக்டரோ அதோடு நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப நெஞ்சில் ஸ்டெத் வைத்து, கரகரப்பு அடங்கிவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்த பிறகுதான் அப்பா, "நேத்து பூரா வயல்ல மருந்துதான் அடிச்சிட்டிருந்தான்" என்றார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கட்டுரைக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் விளக்கம் வாங்கிப் போடுங்கள். அதோடு, மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் அந்த மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.