மிட்வேக்கு நாலு ஜெட்: முருகேசனுக்குக் கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பொடி எழுத்தையும் படிக்கிறாய் என்பதில் சந்தோஷம். கண் தெரிந்ததும் முதல் வேலையாக என்னை வம்புக்கு இழுத்திருக்கிறாய்: 1942 ஜூன் 4, பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே தீவு, அமெரிக்கர்கள் கையில் இந்தக் காலத்துப் போர் ஜெட்டான சூப்பர் ஹார்னெட் நாலு, ஜப்பான்காரன் அரை மணி நேரம் தாங்குவானா? தாங்குவான். அந்த நாலு ஜெட்டும் இரண்டாம் நாள் தாங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் எங்கே நிறுத்துவாய்? அன்றைய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் யார்க்டவுனில் இறக்கலாம் என்று சொல்லிவிடாதே. மரப் பலகைத் தளம். இழுத்துப் பிடிக்கும் கம்பிகளோ மூன்று நாலு டன் விமானத்துக்கென்று போட்டவை. சூப்பர் ஹார்னெட் காலியாக இருந்தாலே 14 டன்னுக்கு மேல். ஆக, மிட்வேயின் ஈஸ்டர்ன் தீவு ஓடுபாதைதான் கதி. நீளம் போதும், பறவைகள்தான் தொல்லை. அந்தத் தீவு லேசான் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குடியிருப்பு. ஜூன் தொடக்கத்தில் குஞ்சுகள்கூட இன்னும் பறந்து போயிருக்காது. மூன்று கிலோ பறவையைப் பழைய விமானத்தின் புரொப்பெல்லர் வெட்டித் தள்ளிவிட்டுப் போகலாம். ஜெட் அதை உறிஞ்சி விழுங்கும், அதோடு ஒரு என்ஜின் போயிற்று, மாற்று என்ஜின் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் ஐம்பது பேர் வரிசையாக நடந்து பறவையை ஓட்ட வேண்டும், கூடவே பவளக் கல் துணுக்குகளைப் பொறுக்க வேண்டும்.

அடுத்தது எரிபொருள். இதில்தான் உன் திட்டம் நொண்டும். சண்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, மிட்வேயில் தகர்ப்பதற்காக வைத்திருந்த வெடி தவறுதலாக வெடித்து, ஏறக்குறைய 4 லட்சம் காலன் விமானப் பெட்ரோல் நாசமானது. அதன் பிறகு 55 காலன் பீப்பாய்களிலிருந்து கையால்தான் ஊற்றினார்கள். சூப்பர் ஹார்னெட்டின் உள் டாங்க் சுமார் 8,000 லிட்டர். பீப்பாய்க்கு 208 லிட்டர் என்றால் ஒரு விமானத்துக்கு 39 பீப்பாய். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும், ஒரே பம்பில் மூன்றேகால் மணி நேரம். நாலு விமானத்துக்கு 156 பீப்பாய். தீவிலிருந்த வைல்ட்கேட் சண்டை விமானங்களையும் பி-17 குண்டு விமானங்களையும் பட்டினி போட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய முடியும்.

அது மண்ணெண்ணெய் வகையும் அல்ல, ஈயம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோல். ஜெட் என்ஜினில் எரியும், ஆனால் மூன்று கோளாறு வரும். ஈயம் டர்பைன் இறக்கைகளில் படியும். பெட்ரோலுக்கு வழவழப்புக் குறைவு, எரிபொருள் பம்ப் தேயும். உயரத்தில் சீக்கிரம் ஆவியாகி, குழாயில் குமிழி கட்டி என்ஜின் அணையலாம். அதனால் மெதுவாக ஏற வேண்டும், த்ராட்டிலைத் திடீரென்று தள்ளக் கூடாது. அடர்த்தியும் குறைவு என்பதால் அதே டாங்கில் பத்தில் ஒரு பங்கு எடை குறையும், தூரமும் அந்த அளவுக்குக் குறையும். கப்பல் பாய்லருக்கு ஊற்றும் கறுப்பு எண்ணெயைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஜிபிஎஸ் கிடையாது, தெரிந்ததுதான். விமானத்துக்குள் இருக்கும் சுழல்மானி வழிகாட்டிக்குப் புறப்படும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் கொடுத்து, சில நிமிடம் அசையாமல் நிறுத்தினால் போதும், திரும்பி வந்துவிடலாம். ஆனால் ஜிபிஎஸ்ஸை நம்பும் குண்டுகள் கப்பலுக்கு எதிராக வெறும் இரும்பு. 30 நாட் வேகத்தில் போகும் கேரியர் (விமானந்தாங்கிக் கப்பல்), குண்டு விழுகிற 30 நொடியில் 450 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். விமானம் காட்டும் லேசர் புள்ளியைத் தேடிப் போகும் லேசர் குண்டுதான் வேண்டும்: 1,000 பவுண்டு, பட்டபின் சற்றுத் தாமதித்து வெடிக்கவைக்கும் ஃபியூஸ். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் விழும் குண்டுக்கு 0.025 நொடி தாமதம் வைத்தால், தளத்தைத் துளைத்து ஆறு மீட்டர் கீழே, விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குள் வெடிக்கும். குறி பார்த்துக் காட்டும் விமானம் 7 கிலோமீட்டர் உயரத்தில் நின்றால் கப்பலின் 25 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் எட்டாது. மேகம் குறுக்கிட்டால் லேசர் பயன்படாது; அன்று அந்தக் கடலில் மேகம் திட்டுத்திட்டாக இருந்தது. அப்போது கீழே இறங்கவும் வேண்டும், சுடப்படவும் வேண்டும்.

கப்பலைத் தாக்கும் ஹார்ப்பூன் ஏவுகணை ஏன் கூடாது என்று கேட்பாய். அதற்கு ஜிபிஎஸ் வேண்டாம், தன் ரேடாரிலேயே இரை தேடும். ஆனால் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கூட்டத்தில், நாலு கேரியர்களோடு, ஹருணா, கிரிஷிமா என்று இரண்டு போர்க்கப்பல் இருந்தன. ஹார்ப்பூனுக்குக் கேரியரும் ஒன்றுதான், 20 சென்டிமீட்டர் கவசம் போட்ட கிரிஷிமாவும் ஒன்றுதான். வீணாக்கிவிடும்.

இனி முக்கியமான சங்கதி. காலையில் மிட்வேயைத் தாக்க வந்தவை 108 விமானம். நாலு ஜெட்டிலும் எட்டு எட்டு ஏவுகணை மாட்டினால் 32. பீரங்கியில் ஆளுக்கு 412 ரவை, நிமிடத்துக்கு 6,000 வேகத்தில் நாலு நொடியில் காலி. ஒன்றும் பிசகாமல் போனாலும் ஐம்பதைத் தாண்டாது. அதையெல்லாம் செலவழித்தால் கேரியர்களுக்கு என்ன மிச்சம்? வானத்துக்கா, கப்பலுக்கா என்ற திண்டாட்டம் உனக்கும் வரும். அன்று தரைக்குக் குண்டா, கப்பலுக்கு டார்பிடோவா என்று நகுமோ திண்டாடினாரே, அதேதான்.

என் பங்கீடு இது. இரண்டு ஜெட் நாலு நாலு லேசர் குண்டோடு; ஒரு கேரியருக்கு இரண்டு என்று கணக்கு. ஒன்று மிட்வேக்கு மேலே காவல். நாலாவது ஆயுதமே இல்லாமல் 10 கிலோமீட்டர் உயரத்தில், ரேடாரைத் திறந்துவைத்துக்கொண்டு. இந்த நாலாவதுதான் எனக்குப் பிரியமானது. அன்று அமெரிக்கர்கள் ரத்தம் சிந்தியது தேடுவதில்தான். கேட்டலினா என்ற வேவு விமானம் கொடுத்த இடம் 40 மைல் அளவுக்குப் பிசகு. ஹார்னெட் என்றே பெயர் கொண்ட அன்றைய அமெரிக்கக் கேரியரின் டைவ் குண்டு விமானங்கள் எதிரியைக் காணாமலே திரும்பின. அதே கப்பலின் எட்டாம் டார்பிடோ படையின் 15 விமானமும் தனியாகப் போய் ஒன்றுவிடாமல் வீழ்ந்தன. மேலிருந்து ஒருவன் திசையும் தூரமும் சரியாகச் சொல்லியிருந்தால் பாதித் துயரம் குறையும்.

சொல்வது எப்படி? அன்றைய கடற்படை விமானங்கள் பேசியது சிற்றலை ரேடியோவில். சூப்பர் ஹார்னெட்டில் அது கிடையாது. கையடக்க விமான ரேடியோ ஒன்றை மறக்காமல் கொண்டுபோய், மிட்வே தளபதி சிமார்டின் மேசையில் வைத்துவிடு. அவருடைய ஆட்கள் தந்தியில் மற்றவர்களுக்கு அனுப்பட்டும். நட்பு, பகை அடையாளம் காட்டும் உன் கருவியை அங்கே எவரும் படிக்க மாட்டார்கள், அதனால் தீவுப் பீரங்கிக்காரர்களுக்கு ஜெட்டின் படத்தை முந்தின நாளே வரைந்து காட்டிவிட வேண்டும்.

எப்போது அடிப்பது என்பதில் அவசரப்படாதே. ஆறரை மணிக்கு அடித்தால் தளத்தில் ஓட்டை விழும், கப்பல் பிழைத்தாலும் பிழைக்கும். மிட்வேயைத் தாக்கிவிட்டுத் திரும்பிய விமானங்களை ஜப்பானியக் கேரியர்கள் காலை 8.37 முதல் 9.18 வரை இறக்கிக்கொண்டன. அதன் பிறகு ஹேங்கருக்குள் பெட்ரோல் குழாய், டார்பிடோ, அடுக்காமல் கிடந்த குண்டுகள். நகுமோவின் கேரியர் அக்காகிக்கு நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு, அதுவே போதுமாக இருந்தது. ஒன்பதரைக்கு மேல்தான் உன் எட்டுக் குண்டுக்கும் முழு மதிப்பு. எட்டுக் குண்டையும் ரேடார்ப் புள்ளியை நம்பிப் போடாதே. குறிகாட்டும் கருவியின் அகச்சிவப்புப் படத்தில் தட்டைத் தளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போடு.

ஜப்பானின் ஜீரோ சண்டை விமானத்தோடு சுற்றிச் சுற்றிச் சண்டை போடுகிறேன் என்று இறங்குகிறவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடு. வேகத்தைக் குறைத்துத் திரும்பினால் ஜீரோ உள்ளே புகுந்துவிடும். ஒரு முறை பாய், சுடு, மேலே ஏறு, அவ்வளவுதான்.

மறுநாள்? சூப்பர் ஹார்னெட்டின் துணை என்ஜினை ஹைட்ராலிக் கைப்பம்பில் அழுத்தம் ஏற்றியே கிளப்பலாம், அது ஒரு வசதி. என்ஜின் எண்ணெய்தான் இல்லை. 1942இன் கனிம எண்ணெயை ஊற்றினால் டர்பைன் பேரிங் சூட்டில் கரியாகப் படியும். மிஞ்சியிருக்கும் டின்களை எண்ணிப் பார்த்தாலே எத்தனை முறை பறக்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. நாலாவது கேரியர் ஹிரியு மற்ற மூன்றிலிருந்தும் விலகி வடக்கே நின்றது. இரண்டு ஜெட்டும் முதல் மூன்றை முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டால், மிச்சக் குண்டோடு காத்திருப்பதா, திரும்பி வந்து 39 பீப்பாயை மறுபடி உருட்டுவதா? பெட்ரோல் கணக்கைப் போட்டு எழுது. காத்திருப்பு உயரம் 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
சிதம்பரம்