கணக்குத் தெரியாதவனின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மின்சாரக் கார்களைப் பற்றி வெளியான கட்டுரையில், "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயில் ஓடும் வண்டி இருக்க, இன்னமும் பெட்ரோல் காரைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்" என்று ஒரு வரி இருந்தது. 34 ஆண்டுகள் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அதற்குப் பிறகு அடுத்த வரிக்குப் போக என் கண்ணுக்கு வெகுநேரம் பிடித்தது.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிறது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு மின்சாரக் கார் இருந்தால், யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்தாலும் அதே இரண்டு மாதத்துக்கு மேற்கொண்டு 185 யூனிட் சேரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது தாங்கள் அறியாததன்று; கட்டுரையாளருக்குத்தான் அது நினைவில்லை. வெளியூரில் சார்ஜ் போடுவதையும் சேர்த்து கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று கொள்வோம். புதிய சிறிய பெட்ரோல் காருக்கு ஐந்தரை ரூபாய் ஆகும். மிச்சம் 4 ரூபாய், மாதத்துக்கு 2,400, ஆண்டுக்கு 28,800. இதுவரை கட்டுரையாளர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் அவர் வகுத்தலைச் செய்யாமல் விட்டுவிட்டார். சிறிய பெட்ரோல் காருக்கும் அதற்கு இணையான மின்சாரக் காருக்கும் விலையில் மூன்றரை லட்சம் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். அதை 28,800 ஆல் வகுத்தால் 12 ஆண்டு வருகிறது. சர்வீஸ் செலவு குறைவதால் ஓராண்டோ ஈராண்டோ குறையலாம். கடன் வாங்கினால் வட்டி அதைத் தின்றுவிடும். பேட்டரிக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதமோ 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதில் நான் 57,600 கிலோமீட்டர்தான் ஓடியிருப்பேன்; எனக்கு ஆண்டுதான் முதலில் தீரும். இப்போது வயது 67; போட்ட பணம் திரும்பும்போது 79. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நாள்தோறும் ஓடி மாதம் 3,000 கிலோமீட்டர் காட்டுகிற டாக்சிக்காரருக்கு இதே கணக்கு இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். அவரையும் என்னையும் ஒரே வரியில் வைத்துத் திட்டியதுதான் வருத்தம்.

மின்சாரக் காருக்கு நான் பகையாளியும் அல்லேன். 2010-இல் ஒரு கிலோவாட்மணி, அதாவது ஒரு யூனிட், மின்சாரம் தேக்கும் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த விலை, 2024-இல் 115 டாலருக்கு இறங்கிவிட்டது, இன்னும் இறங்கும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து அவையும் மலிந்தன. மின்சாரக் கார்களுக்கு முன்பிருந்த அதே 5 சதவீதம்தான். துரத்துகிறவன் நெருங்கும்போது ஓடுகிறவனும் நான்கு அடி முன்னே போனால் எப்போது பிடிப்பது? நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள் என்று எழுதியவர், அங்கே பெட்ரோல் கார்மீது கடும் வரியைச் சுமத்தி, மின்சாரக் காருக்கு ஆண்டுக்கணக்கில் வரிவிலக்குக் கொடுத்த கதையை ஏன் எழுதவில்லை?

சென்ற கிறிஸ்துமஸுக்கு மதுரையிலிருந்து மின்சாரக் காரில் வந்த என் மருமகன், நாகர்கோவிலில் ஓர் இடத்தில் இயந்திரம் வேலை செய்யாமலும், இன்னோர் இடத்தில் வேறொரு செயலியை இறக்கிப் பணம் கட்டச் சொன்னதாலும் தவித்து, இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் பிளக்கைச் சொருகினார். மாலையானால் மின்விசிறியே முனகிக்கொண்டு சுற்றுகிற தெரு எங்களுடையது. இரண்டு முறை டிரிப் ஆன பின் அதிகாலையில்தான் சார்ஜ் ஏறத் தொடங்கியது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சுற்றுகிற மாவட்டத்தில் இந்தக் குறைந்த மின்னழுத்தம் பற்றி ஈராண்டுக்கு முன் தங்களுக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம், நான்கு வரியாகச் சுருங்கி, ஊர்ப் பெயரும் பிழையாக வெளிவந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதன்று. அடுத்த இதழில் மாதம் 500, 1,000, 3,000 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குத் தனித்தனியாக, மின்கட்டண விகிதத்தையும் சேர்த்து, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று ஒரு சிறிய அட்டவணை வெளியிடுங்கள். கட்டுரையாளருக்கு நேரமில்லையென்றால் நானே போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
அருமனை (தயவுசெய்து இம்முறை சரியாக அச்சிடவும்),
கன்னியாகுமரி மாவட்டம்.