டிஎம்எக்ஸ் கடைசி இடத்தில் இருக்கிறாராம்

மாப்ளே,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு அப்பாவின் கண் ஆபரேஷன்தான் காரணம். நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதில்தான் மனுஷன் நொந்துபோயிருக்கிறார். செய்தியை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் ஏற்ற இறக்கத்தோடு. மதுரையில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நீ நியூஜெர்சியில் பனி அள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த ராப்பரிடம் எத்தனை விதச் சொல் இருக்கிறது என்று 2014இல் மாட் டேனியல்ஸ் போட்ட அந்தச் சொல்வளப் பட்டியலை அனுப்பி, "உன் ஆள் கடைசி இடம்" என்று எழுதிச் சிரித்திருந்தாய். ஹாஸ்டலில் ஒரே வாக்மேனுக்கு அடித்துக்கொண்ட காலத்திலிருந்தே நீ சொல்லடுக்குக் கட்சி, நான் டிஎம்எக்ஸ் கட்சி. இத்தனை வருஷம் கழித்துப் புள்ளிவிவரத்தோடு வந்து நிற்கிறாய்.

எண்களில் எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு ராப்பரின் பாடல்களிலிருந்தும் முதல் 35,000 சொற்களை எடுத்து, அதில் தனித்தனிச் சொற்கள் எத்தனை என்று எண்ணியிருக்கிறார். முதலிடம் ஏசாப் ராக், 7,392. ஊ-டாங் கிளான் குழுவின் ஜிஸா 6,426. அதே அளவுக்கு எண்ணிப் பார்த்தால் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலுக்கு 6,022, ஷேக்ஸ்பியருக்கு 5,170. டிஎம்எக்ஸுக்கு 3,214. ஷேக்ஸ்பியரைத் தாண்டிய ராப்பர்கள் நிறையப் பேர் என்றதும் நம் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. ராப்பை ஏளனமாகப் பார்த்த பேராசிரியர்களுக்கு இது சரியான பதில்தான், அந்த மட்டில் எனக்கும் சந்தோஷமே.

ஆனால் எப்படி எண்ணினார் என்பதையும் பார். ஒரு சொல்லின் பன்மை தனிச்சொல். அதே ஆங்கில வினையின் முடிவை 'இங்' என்று முழுசாகச் சொன்னால் ஒன்று, 'இன்' என்று விழுங்கிச் சொன்னால் இன்னொன்று. இதே கணக்கைத் தமிழில் போட்டால் என்ன ஆகும்? வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்துவிட்டானாம், வரவேண்டியிருந்ததே என்று அடுக்கிக்கொண்டே போய் நம்மூர் பஸ் கண்டக்டர் ஒரு ட்ரிப்பிலேயே ஷேக்ஸ்பியரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். 35,000 சொற்கள் என்றால் மூன்று ஆல்பத்துக்கு மேல் வேண்டும் என்பதால் ராப்பில் பெரிய தலையான பிக்கி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்போது கென்ட்ரிக் லமாரும் இல்லை. பிக்கி இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டா என்னிடம் வம்புக்கு வருகிறாய்?

இப்போது டிஎம்எக்ஸ். 2001இல் வந்த 'ஹூ வி பி' பாட்டை எடுத்துப் போடு. ஒரு துண்டு, ஒரு உறுமல், அடுத்த துண்டு. ஒவ்வொரு துண்டும் 'தி' (the) என்று தொடங்கி ஒரு பெயர்ச்சொல்லில் முடிந்துவிடும். துப்பாக்கி, கவசம், நகரம், விவசாயி, குழந்தைகள், அம்மா. வினைச்சொல் கிட்டத்தட்ட இல்லை. யார் என்ன செய்தார் என்று சொல்ல மாட்டார், பொருளை எடுத்து முன்னால் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வீட்டில் வன்முறை நடந்தால் போலீஸ் கேட்கும் கேள்விக்கு ஒரு சிறுவன் சொல்கிற பதில் மாதிரி இருக்கும் அது. கோர்த்துச் சொல்ல அவனுக்குத் தெரியாது, பார்த்ததை மட்டும் சொல்வான். வரிக்கு வரி வரும் அந்தத் 'தி'யை உன் கணக்கு மெஷின் ஒரே ஒரு சொல் என்று எண்ணிவிட்டுப் போய்விடும். பாட்டே அந்தச் சொல்லின் அடியில்தான் நிற்கிறது. நம் ஊர் ஒப்பாரியில் புதுச்சொல் எத்தனை என்று யாராவது எண்ணுவார்களா?

1998 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பம் விட்டு இரண்டுமே அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தன. விற்பனையைக் காட்டி உன்னை மடக்கப் பார்க்கவில்லை. விற்றதெல்லாம் நல்லது என்றால் நாம் இரண்டு பேருமே வேறு பாட்டுதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் மாதிரி குரைத்துக்கொண்டு, அடுத்த நிமிஷமே கடவுளிடம் மன்றாடுகிற இன்னொருவரை நீ காட்டு, அவ்வளவுதான்.

ஏசாப் ராக்கை நான் மட்டம் தட்டுவதாக நினைக்காதே. நீ சொல்லித்தான் கேட்க ஆரம்பித்தேன், இப்போது என்னிடம்தான் அதிகம் ஓடுகிறது. ஆனால் அவர் பாட்டிலேயே என்னை உலுக்கியது எது தெரியுமா? 2016இல் வந்த 'ரிங்ஸ்'. ஓவியம் படித்தவர், வரைவதை விட்டுவிட்டார், அதைப் பற்றிய பாட்டு. 'முன்பெல்லாம் வரைவேன்' என்று தொடங்குகிறார். அப்புறம், வரைந்தேன் என்று ஒப்புக்கொள்ளவே கஷ்டமாக இருக்கிறது என்கிறார். பட்டியலில் முதல் ஆள், அகராதியையே கரைத்துக் குடித்தவர், தனக்கு வலிக்கிற இடம் வந்ததும் ஒன்றாம் வகுப்புச் சொல்லை எடுக்கிறார். நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

என் சண்டை வேறு இடத்தில். நீ எழுதும்போது சொல் அதிகம் என்பதையும், சொந்தச் சரக்கு என்பதையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறாய். இரண்டும் வேறு. ஆயிரம் சொல்லை அடுத்தவனிடமிருந்து எடுக்கலாம். மூன்று சொல் தன்னுடையதாக இருக்கலாம்.

இதற்கு உன் வீட்டுப் பக்கத்திலேயே கதை இருக்கிறது. எங்கில்வுட் உனக்கு எவ்வளவு தூரம்? அங்கே ஒரு பீட்சா கடையில்தான் பிக் பேங்க் ஹாங்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், 1979இல். பிராங்க்ஸ்காரர். கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற ராப்பரின் குழுவுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். மாவு பிசையும்போது காஸின் கேசட்டைப் போட்டுக் கூடவே பாடுவார். ராப்பை ரெக்கார்டாகப் போட்டால் விற்கும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்த சில்வியா ராபின்சனின் காதில் அது விழுகிறது. ஹாங்க் காஸிடம் போகிறார், காஸ் தன் பாட்டு நோட்டையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார். பெரிதாக ஏதும் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதிலிருந்து எடுத்ததை ஹாங்க் 'ராப்பர்ஸ் டிலைட்'டில் பாடுகிறார். ராப் என்ற ஒன்று இருக்கிறது என்பதை உலகத்துக்கே சொன்ன பாட்டு அது.

நாம் அத்தனை தடவை கேட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஹாங்க் தன் பகுதியில் எழுத்துக்கூட்டி ஒரு பெயரைச் சொல்வார். சி, ஏ, எஸ் என்று ஆரம்பித்து 'காஸனோவா', அப்புறம் 'ஃப்ளை'. காஸனோவா ஃப்ளை யார்? காஸ்தான், அவருடைய பழைய பெயர். நோட்டில் இருந்ததை அப்படியே பாடியதில், இன்னொருவருடைய பெயரையே தன் பெயர் மாதிரி எழுத்துக்கூட்டிவிட்டார். திருட்டுப் போன பொருளில் சொந்தக்காரர் பெயர் பொறித்திருக்கிறது, நாற்பது வருஷத்துக்கும் மேலாக எல்லாக் கல்யாண வீட்டிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னும் கசப்பானது எது தெரியுமா? அந்தப் பாட்டின் இசை 'ஷிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்கு என்று மிரட்டியதும் பாட்டாசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறிவிட்டது. பேஸ் கிதார் இழுப்புக்குச் சொந்தக்காரருக்கு மரியாதை கிடைத்தது, சொல்லுக்குச் சொந்தக்காரருக்கு நாமம்.

நம் தருமி கதையை நினைத்துப் பார். மண்டபத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் அவரும் கொண்டு போனார். ஆனால் நக்கீரர் பிடித்தது பொருட்குற்றத்தை, யார் எழுதியது என்பதை அல்ல. இன்றைக்குக் குறுந்தொகையைத் திறந்தால் இரண்டாம் பாட்டு இறையனார் பெயரில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவருக்குப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. காஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால்தான் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பாடுவதை வைத்து நீ கொதிப்பது எனக்குப் பிடிபடவில்லை. ஈஸி-இ பாடிய 'பாய்ஸ்-என்-த-ஹுட்'டை எழுதியது ஐஸ் க்யூப். 'ஸ்டில் டி.ஆர்.இ.'யில் டாக்டர் ட்ரே பாடும் வரிகள் ஜே-ஸீ எழுதியவை. இரண்டையும் நீ இன்றைக்கும் காரில் சத்தமாக வைத்துக் கேட்பாய். 2015இல் ராப்பர் மீக் மில், இன்னொரு ராப்பரான ட்ரேக் தானே எழுதுவதில்லை என்று ட்விட்டரில் போட்டு உடைத்தபோது மட்டும் நீ பொங்கினாய். ட்ரேக்குக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட க்வென்டின் மில்லர் பெயர் எழுதியவர்கள் பட்டியலில் இருந்ததுதானே? ஒன்று மட்டும் உன் பக்கம் நியாயம். 'எனக்கு நிகர் எவனுமில்லை' என்று தொடை தட்டுகிறவன் அந்தத் தட்டலையாவது சொந்தமாகச் செய்ய வேண்டும். டாக்டர் ட்ரே தன்னை இசைக்காரனாகக் காட்டிக்கொண்டார், மன்னித்துவிடலாம். ட்ரேக் தன்னை அரசனாகக் காட்டிக்கொண்டார்.

எடுப்பது வேறு, எடுத்ததை மறைப்பது வேறு. 1996இல் ஜே-ஸீ தன் பாட்டின் பல்லவிக்கு இன்னொரு ராப்பரான நாஸின் குரலையே வெட்டி ஒட்டினார். 2001இல் இருவரும் பாட்டிலேயே சண்டை போட்டபோது, ஆமாம், உன் குரலை எடுத்தேன், நீ அதைத் தப்பாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தாய் என்கிற மாதிரி திருப்பி அடித்தார். என்ன திமிர்! நாஸ் சும்மா இருப்பாரா? உன் வாயிலிருந்து இன்னும் எத்தனை பிக்கி வரிகள் வரப் போகின்றன என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை, அதுதான் வேடிக்கை. நாஸின் முதல் ஆல்ப அட்டையில் சின்ன வயசுப் படம், சில மாதத்தில் பிக்கியின் முதல் ஆல்ப அட்டையிலும் ஒரு குழந்தை. இதற்கே ஊ-டாங் கிளானின் ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் 1995இல் ரேக்வானின் ஆல்பத்தின் நடுவில் பேச்சாக உட்கார்ந்து 'பைட்டர்கள்', அதாவது காப்பி அடிக்கிறவர்கள், என்று திட்டித் தீர்த்தார்கள். அட்டைப் படத்துக்கே அத்தனை ரோஷம் இருந்த காலம்.

எம்எஃப் டூம் என்ற ராப்பரை மட்டும் எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியவில்லை. பெயரும் முகமூடியும் காமிக்ஸ் வில்லனிடமிருந்து. 1999 ஆல்பத்தில் இடையிடையே வரும் பேச்சு கார்ட்டூனிலிருந்து வெட்டியது. கச்சேரிக்கே சில சமயம் வேறு ஆளுக்கு முகமூடி மாட்டி அனுப்பியிருக்கிறார், டிக்கெட் வாங்கியவர்கள் திட்டினார்கள். இருந்தாலும் அவருடைய இரண்டு வரி கேட்டால் போதும், யார் என்று தெரிந்துவிடும். வரியின் கடைசியில் மட்டும் இயைபு வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை, நடுவிலும் ஓரத்திலும் சொருகி வைத்திருப்பார். எதுகை மோனையில் வளர்ந்த காதுக்கு அது தனி விருந்து. பேனாவில் பழைய ராப்பர் ரக்கிமின் வம்சம்.

இப்போதைய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காப்பி அடிக்கிறார்கள் என்கிறாய். அடிக்கிறார்கள்தான். 2016இல் 'பாண்டா' பாட்டு பிரபலமானபோது அட்லாண்டா ராப்பர் ஃப்யூச்சர்தான் பாடுகிறார் என்று நானும் நினைத்தேன், பாடியவர் புரூக்ளின் பையன் டிசைனர். அது முதலிடத்துக்குப் போனது. ஃப்யூச்சரின் தனிப்பாட்டு எதுவும் அதுவரை முதலிடத்துக்குப் போயிருக்கவில்லை, பாவம். மீகோஸ் குழு சொற்களை மும்மூன்றாக அடுக்கிப் பாடும் ஃப்ளோவை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் சரி. ஆனால் அதை மீகோஸுக்கு முன்பே மெம்ஃபிஸில் த்ரீ சிக்ஸ் மாஃபியாவும் கிளீவ்லாந்தில் போன் தக்ஸும் செய்துவிட்டார்களே. ஃப்ளோ தாளம் மாதிரி, யாருக்கும் பட்டா கிடையாது. வரிகளுக்கு உண்டு. என் கோடு அங்கேதான்.

அப்புறம், என் பையன் பதினொன்றாம் வகுப்பு போகிறான். அறையைச் சாத்திக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதுகிறான், கேட்டால் கணக்கு என்கிறான். கணக்குக்கு யாராவது தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவார்களா? நான் கண்டுகொள்ளவில்லை. நீயும் போனில் பேசும்போது கேட்டுத் தொலைக்காதே.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? தங்கை வீட்டில்தான் தங்குவேன் என்று அடம் பிடிக்காதே, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது 'ரிங்ஸ்' வரும் அந்த ஆல்பத்தின் ரெக்கார்டு கிடைத்தால் வாங்கி வா, காசு கொடுத்துவிடுகிறேன். பதிலில் ஏசாப் ராக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. இன்னொரு பட்டியல் அனுப்பினால் மட்டும் அப்பாவிடம் உன் நம்பரைக் கொடுத்துவிடுவேன், செய்தியை நீ வாசி.

உன்
பழைய ரூம்மேட்