வீட்டுக்குப் போய்ச் சேராத வேதபாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சபைகள் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் சிறுவர் ஊழியம் பற்றிய உங்கள் கட்டுரை, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், இயேசுவை ஏற்றுக்கொள்வதாக எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்ற கணக்கோடு நின்றுவிட்டது. வேறொரு கணக்கும் உண்டு. ஞாயிறு பள்ளியில் வாரம் 45 நிமிட வகுப்பு என்றால், 52 ஞாயிறுக்கும் சேர்த்து 39 மணி நேரம். முழுதாக இரண்டு நாள்கூட இல்லை. ‘உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’ என்று வேதாகமத்தில் உபாகமம் 6:7 சொல்வது வீட்டாரிடம். அவர்களுக்குக் கைகொடுக்கத்தான் ஞாயிறு பள்ளி. பிரசங்கம் முடியும்வரை பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்காரவைக்க அல்ல.

1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய பள்ளி, வாரமெல்லாம் உழைத்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் சேர்த்துக் கொடுத்தது. (அவரும் பத்திரிகைக்காரர்தான்!) இன்றோ நன்றாகப் படித்த பெற்றோரும் தங்கள் பங்கை வகுப்பு ஆசிரியர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

வகுப்பிலும் கோளாறு உண்டு. பாட்டும் ஆக்‌ஷனும் 25 நிமிடத்தை விழுங்கிவிட, கதை ஓட்டமும் நடையுமாக முடிகிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை 10 நிமிடம் போதும். அதை அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லவைக்க இன்னொரு 10 நிமிடம் வேண்டும். எது விளங்கவில்லை என்பது அங்கேதான் வெளிப்படும். ‘இருதயக் கதவைத் திற’ என்றால், ‘இயேசு உள்ளே வரும்போது வலிக்குமா?’ என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்கும். உருவகம் பிடிபடாத வயது. நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

தாவீது–கோலியாத் கதையை ‘நீயும் தைரியமாயிரு’ என்று முடிப்பவர்களே அதிகம். தாவீதோ ‘யுத்தம் கர்த்தருடையது’ என்கிறான் (1 சாமுவேல் 17:47). அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு கவண்காரனின் சாகசம். மறுநாள் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளை, தனக்கு விசுவாசமே இல்லை என்று எண்ணிக்கொள்ளும்.

கை உயர்த்தும் கணக்கும் அப்படித்தான். ‘யாருக்குப் பரலோகம் போக ஆசை?’ என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். பாதிக் கை, பக்கத்துப் பையன் உயர்த்தியதற்காக. பேச விரும்புகிறவர்கள் வகுப்பு முடிந்ததும் வரட்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துபோகாத கேள்வியாகக் கேளுங்கள். கதவு திறந்திருக்க, இன்னொரு பெரியவர் கண்ணெதிரில் பேசுங்கள். இதில் மட்டும் சலுகையே கூடாது.

மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுப்பதில் தவறில்லை. சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த பிறகு கொடுங்கள். வாரம் ஒன்று என்று அடுக்காமல், ஒரே வசனத்தை இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொண்டால் தங்கும்.

கடைசியாக, வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு: வேதபகுதி ஒரு வரி, சாப்பிடும்போது கேட்க ஒரு கேள்வி. ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். ‘சவுல் கொடுத்த கவசத்தைத் தாவீது ஏன் கழற்றிப்போட்டான்?’ என்று எழுதி அனுப்புங்கள். விடை 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தின் 39-ஆம் வசனத்தில் இருக்கிறது. தெரியாத அப்பா வேதாகமத்தைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்