பழைய ஜோக்கர்களை எறிந்துவிட வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீட்டு குறைந்துபோன பழைய சீட்டுக்கட்டுகளை முழுவதுமாகக் குப்பையில் போட்டுவிடும் வழக்கம், அவற்றைச் சேகரித்துவரும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1860களில் அமெரிக்காவில் யூக்கர் ஆட்டத்தின் தலையாய துருப்புச்சீட்டாகச் சேர்க்கப்பட்ட ஜோக்கருக்கு, ராஜா ராணிக்கு உள்ளதுபோல் மரபான உருவம் எதுவும் வாய்க்காததால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் கற்பனைக்கேற்ப அதை வரையச் செய்தனர். புகழ்பெற்ற பைசைக்கிள் சீட்டுக்கட்டின் ஜோக்கரில் முடிசூடிய ராஜா ஒருவர் சைக்கிள் ஓட்டி வருவார். பக்கத்து மைல்கல்லில் அக்கட்டின் வகை எண்ணான 808 பொறிக்கப்பட்டிருக்கும், எத்தனை அழகான வேலைப்பாடு! பெட்டி தொலைந்த கட்டு யாருடைய தயாரிப்பு என்று கண்டறிய, பெரும்பாலும் இஸ்பேட் ஏஸும் ஜோக்கருமே துணைபுரிகின்றன. ஆகவே, இவ்விரண்டையுமாவது எடுத்துவைத்துச் சேகரிப்பாளர்களிடம் சேர்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சீட்டு சேகரிக்கும் வாசகர்